கரட்டு நிலத்துச் செடிகொடிகள்

திருவிவிலியத்தில் முட்புதர் இரண்டு வேறுபட்ட இடங்களில் நம் கண்முன் வருகிறது. தொடக்க நூலில், மனிதன் வீழ்ந்தபின் நிலம் அவனுக்கு முட்செடிகளை முளைப்பிக்கும் என்ற செய்தி வருகிறது. விடுதலைப் பயண நூலிலோ, ஓரேபு மலைச் சாரலில் எரிந்தும் கருகாத ஒரு முட்புதரின் நடுவிலிருந்து ஆண்டவர் மோசேயைப் பெயர் சொல்லி அழைக்கிறார். ஆட்டு மந்தை மேயும் வறண்ட சாரலில், எவரும் ஏறிட்டுப் பாராத ஒரு புதரே இறைவெளிப்பாட்டின் இடமாயிற்று. இவ்விரு காட்சிகளில் முதலாவதையே நாம் நெஞ்சில் நிறுத்தியிருக்கிறோம். முள் என்றால் சாபம், புதர் என்றால் பயனற்றது, கரடு என்றால் தரிசு என்று எண்ணிப் பழகிவிட்டோம். இரண்டாவது காட்சி நமக்குக் கற்பிக்க வேண்டியதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

மதுரையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருவழியில், மேலூரைக் கடந்தபின் வருவது கொட்டாம்பட்டி. மதுரை மாவட்டத்தின் வடகிழக்கு எல்லையில் அமைந்த வட்டாரம் இது. கிழக்கே பிரான்மலை, தென்மேற்கே அழகர்மலை, மேற்கே நத்தம் மலைகள். இடையில் கண்மாய்களும் மானாவாரிப் புன்செய்களும், அவற்றுக்கு நடுவே திடீரெனத் தலைதூக்கும் பாறைக் கரடுகளும். பேருந்தில் செல்பவர்க்கு இக்கரடுகள் வெறுமையாகத் தோன்றும். அவற்றில் வளரும் செடிகொடிகளுக்கு ஈராயிரம் ஆண்டு இலக்கியச் சான்று உண்டு. அறிவியல் பதிவு உண்டு. அண்மைக் காலத்தில் மக்கள் போராட்டமும் உண்டு. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

மால்டாத் தீவின் சுள்ளிகள்

முதலில் மத்தியதரைக் கடலுக்குச் சென்று வருவோம். திருத்தூதர் பணிகள் நூலின் 28ஆம் அதிகாரத்தில், கப்பல் உடைந்து மால்டாத் தீவில் கரையேறிய பவுலடியாரைத் தீவினர் அன்போடு வரவேற்கின்றனர். மழையும் குளிருமாக இருந்ததால் அவர்கள் தீ மூட்டுகிறார்கள். பவுலும் சுள்ளிகளைச் சேர்த்து நெருப்பில் போடுகிறார். அதிலிருந்து ஒரு விரியன் பாம்பு வெளிப்பட்டு அவருடைய கையைப் பற்றிக்கொள்கிறது. பாம்பையும் அதன்பின் நிகழ்ந்த வியப்பையும் நினைவில் வைத்திருக்கும் நாம், அந்தச் சுள்ளிகளை மறந்துவிடுகிறோம். மண்ணின் வரலாற்றை ஆராய்பவர்க்கோ அச்சுள்ளிகளும் ஒரு சான்று. கடற்கரைக்கு அருகில் கைக்கெட்டும் தொலைவில் பொறுக்கக் கூடிய சுள்ளி இருந்ததென்றால், அங்கே புதர்கள் இருந்தன என்பது தெளிவு.

இன்றும் மால்டாவில் அடர்ந்த காடுகள் மிகக் குறைவு. சுண்ணாம்புப் பாறை மேல் மெல்லிய மண். ஆண்டுக்கு ஏறத்தாழ 550 மில்லிமீட்டர் மழை. அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். கோடையில் கடும் வறட்சி. ஆகவே அங்கே நிலத்தோடு ஒட்டிய நறுமணச் செடிகளும், தடித்த சிற்றிலைப் புதர்களும், பாறை இடுக்குகளில் வேரூன்றும் பூண்டுகளுமே மிகுதி. நம் கள்ளியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புதர்ச்செடி அத்தீவுகளில் மட்டுமே காணப்படுகிறது. கடலோரப் பாறைச் சரிவுகளில் மட்டும் வளரும் மற்றொரு செடியை அந்நாட்டு மக்கள் தங்கள் தேசியச் செடியாகப் போற்றுகின்றனர். அது ஓங்கி வளரும் மரமன்று. பாறையில் ஒட்டி வாழும் ஓர் எளிய புதர். பிற நாடுகள் வலிய மரங்களையும் எழில் மலர்களையும் அடையாளமாகக் கொள்ள, சிறிய தீவொன்று தன் பாறைப் புதரைத் தெரிந்துகொண்டது நம் சிந்தனைக்குரியது.

கொட்டாம்பட்டிக் கரடுகளுக்கும் மால்டாப் பாறைகளுக்கும் இடையே உள்ள ஒப்புமை முழுமையானதன்று. இங்கே பாறை கருங்கல் இனம், மழை ஆண்டுக்கு 850 மில்லிமீட்டரை ஒட்டியது, அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிறது, வெப்பம் மிகுதி. எனினும் இரண்டு இடங்களிலும் செடிகள் எதிர்நோக்கும் சிக்கல் ஒன்றே. சில மாதங்களில் கிடைக்கும் நீரைக் கொண்டு ஆண்டு முழுவதும் உயிர் பிழைக்க வேண்டும். சிற்றிலை, முள், தடித்த தோல், ஆழ்ந்த வேர், கோடையில் இலையுதிர்த்தல் ஆகியவை அச்சிக்கலுக்குச் செடிகள் கண்ட விடைகள்.

பறம்பும் பாலையும்

பிரான்மலையே சங்க காலத்துப் பறம்பு மலை என்பது அறிஞர் துணிபு. முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்த பாரியின் மலை அது. பற்றிப் படரக் கொழுகொம்பின்றி ஆடிய ஒரு காட்டுக்கொடிக்காகத் தன் தேரையே நிறுத்திச் சென்ற வள்ளலின் செயலைப் பள்ளிப் பருவம் முதல் நாம் கேட்டு வருகிறோம். மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டபோது கபிலர் பாடியதாக வரும் புறநானூற்றுப் பாடல் ஒன்று, உழவர் உழாமலே அம்மலை தரும் நான்கு உணவுகளைக் கணக்கிட்டுச் சொல்கிறது: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். கோட்டைச் சுவரையோ படைவலிமையையோ அவர் முன்வைக்கவில்லை. மலையின் செடிகொடிகளையே பாரியின் காப்பாகக் காட்டுகிறார். ஓர் இடத்தின் இயற்கைத் தாவர வளத்தைப் பொருளியல் நோக்கில் கணக்கிட்ட மிகப் பழைய பதிவுகளுள் அதுவும் ஒன்று என நாம் கருதுகிறோம்.

அதே கபிலர் பெயரால் வழங்கும் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்கள் வரிசையாக எண்ணப்படுகின்றன. அவற்றுள் ஆவிரை, வாகை, கொன்றை, காயா, தும்பை, சிறுபூளை, நொச்சி ஆகியவற்றை இன்றும் கொட்டாம்பட்டி, நத்தம், மேலூர் வட்டாரங்களில் காணலாம். ஈராயிரம் ஆண்டுகளாக ஒரே மண்ணில், பெரும்பாலும் ஒரே பெயரோடு ஒரு செடி வாழ்ந்து வருவது சிறிய செய்தியன்று. அரசுகள் மாறின, ஊர்ப் பெயர்கள் மாறின, ஆவிரை ஆவாரையாக மட்டுமே மாறியது.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை இவ்வழியைப் பற்றி இன்னும் நெருக்கமாகப் பேசுகிறது. உறையூரிலிருந்து மதுரை நோக்கி வரும் கோவலனுக்கு, கொடும்பாளூர்ப் பெருங்குளத்தருகே வழி மூன்றாகப் பிரியும் என்று மாங்காட்டு மறையவன் கூறுகிறான். வலப்புற வழி சிறுமலைப் பக்கமாகவும், இடப்புற வழி இன்றைய அழகர்மலையாகிய திருமால்குன்றத்துப் பக்கமாகவும் செல்லும். நடுவே மற்றொரு வழி. கொடும்பாளூருக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட நிலமே இன்றைய கொட்டாம்பட்டி வட்டாரம். அவ்வழியில் கோவலன் காணப்போகும் மரங்களையும் மறையவன் சொல்கிறான். உலர்ந்த கடம்பும் ஓமையும், பொரிந்த பட்டையுடைய வாகையும், காய்ந்த மூங்கிலும், சுருங்கிய மரலும் அங்கே உள்ளனவாம். முல்லையும் குறிஞ்சியும் கோடை முதிர்ந்து தம் இயல்பு கெடும்போது பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்ற புகழ்பெற்ற விளக்கமும் அக்காதையிலேயே இடம்பெறுகிறது.

இவ்விளக்கத்தின் நுட்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பாலை என்பது நிலையான வெற்றுநிலமன்று; காடும் மலையும் வறட்சியில் கொள்ளும் ஒரு நிலை; மழை வந்தால் மீளக்கூடியது. இன்று சூழலியலார் வறள் இலையுதிர் காடு என்றும் முட்புதர்க் காடு என்றும் வகுத்துச் சொல்வனவும் இத்தகைய தொடர்புடையவையே. வெட்டும் மேய்ச்சலும் தீயும் மிகும்போது இலையுதிர் காடு புதர்க்காடாகச் சுருங்குகிறது. தொந்தரவு நீங்கினால் புதர்க்காடு மெல்ல உயர்கிறது. ஆகவே கரட்டுப் புதர் என்பது பல இடங்களில் காத்திருக்கும் ஒரு காடு.

முள்ளின் பணி

கொட்டாம்பட்டி வட்டாரக் கரடுகளில் வளர்வனவற்றுள் சிலவற்றை மட்டும் இங்கே குறிப்பிடுவோம். உசில், வெப்பாலை, வெள்வேல், வாகை, காரை, சூரை, இலந்தை, ஆவாரை, கள்ளி, பிரண்டை, நொச்சி, எருக்கு, கொழிஞ்சி ஆகியவை எங்கும் காணத்தக்கவை. நீரோட்டம் உள்ள ஓடைக் கரைகளில் மருதும் நாவலும் புங்கும் நிற்கும். கோயில்காடுகளில் காயாவும் தேற்றாவும் எஞ்சியிருக்கும்.

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் மக்கள் வாழ்வில் இடம் இருந்தது. உசில இலையை உலர்த்திப் பொடித்த அரப்பே நம் பாட்டிமார் தலைக்குத் தேய்த்துக் குளித்தது. உசிலம்பட்டி என்னும் ஊர்ப் பெயர் அம்மரத்தின் புகழுக்குச் சான்று. எருக்கும் கொழிஞ்சியும் ஆவாரந்தழையும் நெல்வயலுக்குத் தழையுரம். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்து ஊற்றினால் கண்மாயின் கலங்கல் நீர் தெளியும். பிரண்டை துவையலாகும். காரைப்பழமும் சூரைப்பழமும் இலந்தைப்பழமும் ஆடு மேய்க்கும் சிறுவர்க்குப் பகலுணவு. தைத்திருநாளை ஒட்டிக் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடு ஆவாரம்பூவும் சிறுபூளையும் சேர்கின்றன. அவ்விழாவை நம் ஆலயங்களிலும் பொங்கலிட்டுக் கொண்டாடுகிறோம்.

ஆவாரைக்கு வணிக வரலாறும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னை மாகாணத்தின் தோல் பதனிடும் தொழில் பெரிதும் ஆவாரம்பட்டையை நம்பியிருந்தது. திண்டுக்கல்லின் தோல் கிடங்குகள் அப்பட்டையின் மணம் கமழ நின்றவை. பட்டை உரித்து விற்பது வானம் பொய்த்த ஆண்டுகளில் ஏழை எளியோர்க்குக் கைகொடுத்தது. பின்னர்த் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த சீகை மரப்பட்டைச் சத்தும், அதன்பின் இரசாயனப் பதனிடு முறையும் அதன் இடத்தைப் பிடித்தன. ஆவாரை மீண்டும் சாலையோரத்து மஞ்சள் பூவாயிற்று. இன்று அது தானாக மலர்வதைக் காணும் நாம், அது ஒரு காலத்தில் கடல் கடந்த வணிகத்தைத் தாங்கி நின்றதை அறியோம்.

முள்ளுக்கும் பணி உண்டு. சூரைப் புதருக்குள் விழுந்த விதையை ஆடு எட்ட முடியாது. அந்த நிழலில், அந்தக் காவலில், மென்மையான கன்றுகள் முளைத்து மேலெழுகின்றன. பறவைகள் புதரில் அமர்ந்து எச்சமிட, மேலும் விதைகள் வந்து சேர்கின்றன. முள்வேலிக்குள் குழந்தையை வளர்க்கும் தாயைப் போலப் புதர் காட்டை வளர்க்கிறது. வேர்கள் பாறை வெடிப்பில் இறங்கி மழைநீரை உள்ளே இட்டுச் செல்கின்றன. அந்நீர் சுனையாகக் கசிந்து, ஓடையாகி, கண்மாயை அடைகிறது. கரட்டின் புதரை வழித்தெடுத்தால் முதல் மழையிலேயே மண் கண்மாயில் படியும். அடுத்த கோடையில் கிணறு வறளும்.

நம் இலந்தைக்கும் சூரைக்கும் பாலஸ்தீன நாட்டில் நெருங்கிய உறவுள்ள ஒரு மரம் உண்டு. தாவரவியலார் அதற்கு இலத்தீன் மொழியில் சூட்டிய பெயரின் பொருள் ‘கிறிஸ்துவின் முள்’ என்பதாகும். ஆண்டவர் தலைமேல் வைக்கப்பட்ட முடி அம்மரத்தின் கிளையால் ஆனது என்ற மரபுச் செய்தியை ஒட்டி எழுந்த பெயர் அது. மரபுச் செய்தியை வரலாற்று உண்மையாக நாம் நிறுவ வேண்டியதில்லை. ஆயினும் மீட்பரின் குருதி பட்ட முள், நம் கரட்டு முள்ளின் உறவினம் என்று எண்ணும்போது, கைவாளோடு அதனை அணுகும் கை சற்றே தயங்கும்.

பெயர் தந்தவர்களும் பதிவு செய்தவர்களும்

தமிழ் மண்ணின் செடிகொடிகளை உலக அறிவியலுக்கு அறிமுகம் செய்ததில் திருச்சபையின் பணியாளர்க்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஓர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பெருநூலின் தொடக்கப் பணியில் கார்மேல் சபைத் துறவி மத்தேயு அடிகளார் துணைநின்றார். அந்நூலுக்கு உயிர் கொடுத்தவரோ இட்டி அச்சுதன் என்னும் நாட்டு மருத்துவர். தரங்கம்பாடியில் 1768இல் வந்திறங்கிய கோனிக் என்பவரும், பின்னர் ராட்லர் முதலிய லூத்தரன் சபைக் குருக்களும் சோழ மண்டலத்துச் செடிகளைத் தொகுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினர். ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட படத்தொகுப்புகளுக்கு ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள் படம் வரைந்தனர். முருங்கை, புங்கம், பாவட்டை முதலிய நம் சொற்கள் இலத்தீன் ஒலியோடு உலகத் தாவரவியல் அகராதியில் இடம்பெற்றது இத்தகையோர் உழைப்பின் பயன்.

இயேசு சபையினரின் பங்கு தனித்துக் கூறத்தக்கது. கொடைக்கானல் மலையின் செண்பகனூரில் 1895இல் தோன்றிய திருஇருதயக் கல்லூரியில் மறைநூலோடு இயற்கையும் பாடமாயிற்று. ஆங்கிலேடு அடிகளார் பழனி மலைப் பூக்களைத் தூரிகையால் தீட்டி வைத்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ரப்பிநாத் அடிகளாரின் பெயரால் 1967இல் அங்கே உலர்தாவரக் காப்பகம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதன் நிறுவுநர் கே. எம். மத்தேயு அடிகளார். சமவெளியிலும் சிறுமலைகளிலும் ஆண்டுக்கணக்கில் நடந்து, செடிகளைத் திரட்டி, உலர்த்தி, பெயரிட்டு, தமிழக உள்நாட்டுப் பகுதியின் தாவரங்களைப் பற்றிய பல பகுதிகள் கொண்ட பெருநூலை 1981 முதல் 1988 வரை அவர் வெளியிட்டார். 1999இல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய நூலும் வெளிவந்தது. 2004இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

இவ்வுழைப்பின் ஆன்மிகப் பொருளை நாம் மறக்கலாகாது. லெபனோனின் கேதுரு முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்பு வரை மரஞ்செடிகளைப் பற்றிச் சாலமோன் பேசினார் என்று அரசர்கள் நூல் கூறுகிறது. ஞானத்தின் அளவுகோலாகத் திருநூல் காட்டுவது பெருமரத்தை அறிவது மட்டுமன்று. சுவரோரத்துப் பூண்டையும் அறிவதாகும். ஒரு நெருஞ்சியைக் கூட விடாமல் பதிவு செய்த குருவின் பணி அந்த ஞானத்தின் தொடர்ச்சியே.

இன்னொரு வகைப் பணியையும் இங்கே எண்ணலாம். வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேயா நாட்டை வருணிக்கும்போது, அதனைத் தமிழகத்து வயலும் சோலையுமாகவே தீட்டினார். திருவிவிலிய மொழிபெயர்ப்பாளரும் அத்திமரம் என்று நாம் அறிந்த பெயரையே அந்நாட்டுச் சீமையத்திக்குத் தந்தனர். மறைநூலின் செடிகள் நம் மண்ணில் பெயர் பெற்றன. குருத்தோலை ஞாயிற்றில் ஒலிவக் கிளைக்கு மாற்றாகத் தென்னங்குருத்தையும் பனங்குருத்தையும் ஏந்துகிறோம். நம் மண்ணின் மரமே நம் வழிபாட்டின் மொழியாயிற்று.

வந்து குடியேறியவை

இனி, வெளியிலிருந்து வந்தவற்றைக் காண்போம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சப்பாத்திக்கள்ளித் தோட்டங்களை வளர்த்தார். அக்கள்ளியில் வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து செஞ்சாயம் எடுப்பது நோக்கம். அவ்வணிகம் அன்று ஸ்பெயின் நாட்டின் கையில் இருந்தது. 1795இல் வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்ட பூச்சி தரங்குறைந்த இனமாக இருந்ததால் சாயத் தொழில் நிலைக்கவில்லை. கள்ளியோ நிலைத்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பல கள்ளி இனங்கள் தென்னாட்டுப் புன்செய்களையும் புறம்போக்குகளையும் பிடித்துக்கொண்டன. 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட மற்றொரு பூச்சி சில ஆண்டுகளிலேயே பெருமளவு கள்ளியை அழித்தது. ஒரு பூச்சிக்காக வந்த செடி, மற்றொரு பூச்சியால் ஒடுங்கிற்று. இதே கள்ளிக் குடும்பத்தின் ஓர் இனம் மால்டாவிலும் அமெரிக்காவிலிருந்து சென்று வயல்வேலியாக நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து அங்கே வந்த மஞ்சட்பூப் புளியாரை ஒன்று தீவு முழுவதும் பரவிவிட, மால்டா மக்கள் அதனை ‘ஆங்கிலப் புல்’ என்று அழைக்கின்றனர்.

சீமைக்கருவேலத்தின் கதை நாம் யாவரும் அறிந்தது. 1877இல் அதன் விதை இந்தியாவுக்கு வந்தது. விறகுக்கும் கரிக்கும் அது ஏழைக்கு உதவியது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் கண்மாய் உள்வாயையும் ஓடைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் அடைத்து, தன்கீழ் வேறெதையும் தழைக்கவிடாமல் செய்ததும் உண்மை. உண்ணிச்செடி மலைச்சரிவுகளைப் பிடித்தது. 1950களின் நடுவில் புனே நகரில் தென்பட்ட பார்த்தீனியம் நாடெங்கும் பரவியது. சீமைக்கருவேலத்தை அகற்ற 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டதும், 2022இல் தமிழக அரசு அயல் ஊடுருவல் தாவரங்கள் குறித்துக் கொள்கை வகுத்ததும் இதன் விளைவுகள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அயலிலிருந்து வந்தது எல்லாம் தீயதா? கிறிஸ்தவம் அயல் சமயம் என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய நமக்கு இக்கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று. புளி ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது என்பர் தாவரவியலார். மிளகாயும் கொய்யாவும் முந்திரியும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அவை இல்லாத தமிழர் அடுக்களையை நம்மால் எண்ணிப் பார்க்க இயலுமா? இவை இம்மண்ணில் இடம்பெற்றபோது பிறவற்றின் இடத்தை முற்றாகப் பறிக்கவில்லை. மதுரைக்கு 1606இல் வந்த தத்துவ போதகர் டி நோபிலி அடிகளாரும், 1693இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரும் இந்த மண்ணின் மொழியையும் வாழ்முறையையும் ஏற்றே வேரூன்றினர். ஆகவே, ஓர் உயிர் எங்கிருந்து வந்தது என்பதோடு நம் ஆய்வு முடிந்துவிடலாகாது. வந்த இடத்தில் பிற உயிர்களை வாழவிடுகிறதா என்பதே உரைகல். செடிக்கும் அது பொருந்தும், சமயத்துக்கும் பொருந்தும், வணிக நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

தரிசு என்னும் சொல்

வருவாய்த்துறைப் பதிவேடுகளில் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்னும் பிரிவுகள் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில், வரி தரும் நிலம் எது, தராத நிலம் எது என்று பிரிக்க எழுந்த கணக்கு அது. வரி தராத கரடு, கணக்கில் தரிசாயிற்று. கணக்கில் தரிசானது, காலப்போக்கில் கருத்திலும் தரிசாயிற்று. ஆடு மேய்த்தவரும், பட்டை உரித்தவரும், மூலிகை பறித்தவரும், சுனைநீர் குடித்தவரும் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

அதன் பயனை மேலூர் வட்டாரம் கண்டது. கரடுகள் கிரானைட் கற்களாக அறுபட்டு ஏற்றுமதியாயின. 2012இல் வெளிப்பட்ட முறைகேடுகளை அடுத்து, 2014இல் உயர்நீதிமன்றம் உ. சகாயம் அவர்களை ஆய்வுக்கு அமர்த்தியது. 2015இல் அவர் அறிக்கை அளித்தார். இழப்பைப் பணமாகக் கணக்கிட்டோம். அறுபட்ட பாறையோடு போன காயாவையும் வெப்பாலையையும் எவரும் கணக்கிடவில்லை. பாறையை மீண்டும் வளர்க்க எந்த நீதிமன்றத்தாலும் ஆணையிட இயலாது.

ஆயினும் நம்பிக்கைக்கும் இடம் உண்டு. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியையும் அதனை அடுத்த மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலம், 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றது. ஏழு குன்றுகள், சுனைகள், சமணர் படுகைகள், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், அரிய வல்லூறு இனங்கள் ஆகியவை அதன் சிறப்பு. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய 2000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலப்பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் போனபோது ஊர் மக்கள் திரண்டனர். டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரி 7ஆம் நாள் பெருந்திரளாக அவர்கள் மதுரை நோக்கி நடந்தனர். அம்மாதம் 23ஆம் நாள் நடுவண் அரசு ஏலத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில், நத்தம் அருகே காசம்பட்டியில் உள்ள வீரகோயில் காடு இரண்டாவது தலமாக அறிவிக்கப்பெற்றது. அதன் பரப்பு ஏறத்தாழ 5 ஹெக்டேர் மட்டுமே. காயா என்றும் காசான் என்றும் வழங்கும் மரம் அங்கே அடர்ந்து நிற்கிறது. குறிஞ்சிப்பாட்டில் பெயர் பெற்ற அம்மரத்தைக் காத்தது எந்தச் சட்டமும் அன்று; தெய்வத்தின் காட்டில் கத்தி வைக்கலாகாது என்ற ஊராரின் அச்சமும் பக்தியும் தலைமுறை தலைமுறையாகக் காத்தன. பிற சமயத்தாரின் அப்பக்தியை நாம் நன்றியோடு போற்றுவது தகும்.

நாம் செய்யத்தக்கது

1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவைச் சூழலியலாரின் பாதுகாவலராக அறிவித்தார். 1990ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்தியில், படைத்தவரோடு அமைதி வேண்டுமெனில் படைப்போடும் அமைதி வேண்டும் என்று எடுத்துரைத்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் திருமடல், ஒவ்வோர் உயிரினமும் மனிதர்க்குப் பயன்படுவதால் மட்டும் அன்றி, தன்னளவிலேயே மதிப்புடையது என்று கற்பிக்கிறது. இக்கற்பித்தல் நம் பங்குகளில் எவ்வாறு உருப்பெறும்?

பெரிய திட்டங்களைப் பேசுமுன் கைக்கெட்டியதைச் செய்யலாம். நம் ஊர்களின் கல்லறைத் தோட்டங்கள் பல, உழப்படாமலும் வீடு கட்டப்படாமலும் எஞ்சிய சிறு நிலங்கள். ஆவாரையும் தும்பையும் சிறுபூளையும் காரையும் அங்கே இன்னும் வாழ்கின்றன. கல்லறைத் திருநாளுக்கு முன் அவ்விடத்தைத் தூய்மை செய்வது நம் வழக்கம். அப்போது களைக்கொல்லி தெளித்து அனைத்தையும் கருக்குவதை விடுத்து, கல்லறைகளையும் நடைபாதையையும் மட்டும் துப்புரவு செய்து, ஓரங்களைச் செடிகளுக்கு விட்டுவைக்கலாம். ஆலய வளாகங்களில் குரோட்டன்சும் அழகுப் புல்லும் நடுவதற்கு மாற்றாக, நீர் கேளாத உசிலையும் கொன்றையையும் தேற்றாவையும் நடலாம். மறைக்கல்வி வகுப்பில் படைப்பின் வரலாறு கற்பிக்கும் நாளில், சிறுவர்களை அருகிலுள்ள கரட்டுக்கு அழைத்துச் சென்று, 10 செடிகளின் பெயரை ஊர்ப் பெரியவர் வாயால் கேட்கச் செய்யலாம். ஆதாமுக்கு இறைவன் தந்த பணிகளுள் ஒன்று உயிர்களுக்குப் பெயரிடுவது. நம் பிள்ளைகள் அப்பெயர்களை அறியாமலேயே வளர்வது அப்பணியைக் கைவிடுவதாகும். பெயர் தெரியாத ஒன்றை இழந்தால், இழந்ததும் தெரியாது.

ஊராட்சியின் கிராம சபை கூடும்போது, தரிசு என்று எழுதப்பட்ட கரட்டின் பயன் குறித்துப் பேசவும் பொதுநிலையினர்க்கு உரிமை உண்டு. அரிட்டாபட்டியில் பேசியவர்கள் தாவரவியல் அறிஞர்கள் அல்லர். ஆடு வளர்ப்போரும் உழவரும் பெண்களுமே. தங்கள் குன்றில் என்ன இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அந்த அறிவே அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

முட்புதரிலிருந்து பேசிய ஆண்டவர், மோசேயிடம் மிதியடியைக் கழற்றுமாறு கேட்டார். அவர் நின்ற இடம் புனித நிலம் என்று அறிவிக்கப்பட்டபோது, அங்கே ஆலயம் எதுவும் எழுப்பப்பட்டிருக்கவில்லை. புதரும் பாறையும் மேய்ச்சல் ஆடுகளும் மட்டுமே இருந்தன. கொட்டாம்பட்டிக் கரடுகளில் இருப்பனவும் அவைதாம்.